ஒன்பது மணிக்கு முன்னால் அரை மணி நேரம்: ஒரு பம்ப் கடையில் நடந்த வலைப்பயிற்சி

போன வருசம் வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர் சொந்தத்தில் கல்யாணம் என்று லீவு போட்டிருந்தார். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேருமே வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள்தான், ஒருவர் எரிந்துபோன மோட்டாரின் பழைய பில்லைக்கூட மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வாங்கியது ஒருவர். மற்ற நான்கு பேரும் "சரிங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். கடையில் நிற்பவர்களுக்கு அந்த "வர்றேன்" என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் அந்த நான்கு பேரையும் பற்றி பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். யார், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், எந்த இடத்தில் முகம் மாறியது. அந்த அட்டையிலிருந்து தொடங்கி தை மாதம் வரை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், புதிதாக ஆள் எடுத்துப் பழக்கிக்கொண்டிருப்பவர்கள் யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

கடை பொள்ளாச்சிப் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் (நாங்கள் போர் என்போம்) இறக்கும் சப்மெர்சிபிள், திறந்த கிணற்றுக்கான ஓபன்வெல், வீட்டுக்கான ஜெட் பம்ப், பேனல் போர்டு, கேபிள், பைப் எல்லாம் உண்டு. பம்ப் தொழில் நிறைந்த கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருமே பம்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கடைக்கு வருவதில்லை, வருபவர் வீட்டில் யாராவது ஒருவர் ஃபவுண்டரியிலோ வைண்டிங்கிலோ வேலை பார்த்திருப்பார். விற்பனையில் நாங்கள் ஐந்து பேர், நான் பொறுப்பாளர். பத்தொன்பது வருடம் இதே கவுண்டரில் நின்ற மூத்தவர் ஒருவர். முன்னாள் மெக்கானிக் ஒருவர், இவர் எத்தனை போர்களில் மோட்டார் இறக்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கு இருக்காது. டிப்ளமோ முடித்த இரண்டு தம்பிகள். இவர்கள் போக, பில் போடும் பெண் ஒருவர்.

அட்டையில் எழுதியதை நான்கைந்து நாள் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்களில் யாரும் வியாபாரம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு ஷாட்தான் தெரிந்திருந்தது. மூத்தவர் தோட்டத்துக்காரர் என்றால் பத்து நிமிடத்தில் பில் போட வைத்துவிடுவார், அதே மனிதர் அபார்ட்மெண்ட் செயலாளர் வந்து கொட்டேஷன் கேட்டால் தடுமாறுவார். டிப்ளமோ தம்பிகளுக்கு ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியே வரும் தண்ணீரின் அளவு), ஸ்டார் ரேட்டிங் எல்லாம் விரல் நுனியில், ஆனால் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றால் வாய் உலர்ந்துபோகும். முன்னாள் மெக்கானிக், வாடிக்கையாளரோடு இன்னொரு மெக்கானிக் வந்து கண்ணைக் காட்டினால் விலையை விட்டுக்கொடுத்துவிடுவார், தொழில் பாசம் அது. எந்த வாடிக்கையாளர் யாரிடம் போய் நிற்கிறார் என்பதில்தான் எங்கள் வியாபாரமே ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவர் இல்லாத ஒரு நாளில் அது வெளியே தெரிந்துவிட்டது.

வலை இல்லாத ஆட்டம்

கிரிக்கெட்டோ கபடியோ செஸ்ஸோ, ஆடுகிறவர்கள் ஆட்டத்தில் செலவழிக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு பயிற்சியில் செலவழிக்கிறார்கள். எங்கள் வேலையில் இது அப்படியே தலைகீழ். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டரை வரை மேட்ச்தான். வலைப்பயிற்சி, அதாவது கிரிக்கெட்டில் மேட்ச்சுக்கு முன்னால் வலைக்குள் ஆடிப் பழகுவது போல, என்று ஒன்று கிடையவே கிடையாது. புதிதாக வந்த தம்பி எங்கே பழகுகிறான்? வாடிக்கையாளர் மேல்தான் பழகுகிறான். நகையை அடமானம் வைத்து போர் போட்டுவிட்டு வரும் மனிதரின் மேல் நாம் கையை நேராக்கிக்கொள்கிறோம். இதை நினைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருக்க முடியவில்லை, நஷ்டக் கணக்கைவிட இதுதான் அதிகம் உறுத்தியது.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சேப்பாக்கம். 1998 மார்ச். ஆஸ்திரேலியா மூன்று டெஸ்ட் ஆட வந்திருந்தது. முதல் டெஸ்ட்டுக்கு முன்னால் மும்பை அணிக்காக அவர்களுக்கு எதிராக ஆடிய சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 204 அடித்திருந்தார், ஷேன் வார்ன் பந்தையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவு அடித்த பிறகு வேறு யாராக இருந்தாலும் போதும் என்று இருந்திருப்பார்கள். சச்சின் கவனித்தது வேறு ஒன்றை. அந்த ஆட்டத்தில் வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து, அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக ஓடி வந்து, போடவே இல்லை. அதை டெஸ்ட்டுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார் என்று சச்சின் ஊகித்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே, பவுலர்களின் ஷூ பட்டுப் பெயர்ந்து கிடக்கும் கரடான இடத்தில் விழுந்து உள்ளே திரும்பும் பந்து. அதை எதிர்கொள்ள அவர் சென்னையில் லட்சுமண் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டுக்கொண்டார். 1984-ல் மும்பை டெஸ்ட்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டை எடுத்த அதே லெக் ஸ்பின்னர். வலையில் லெக் ஸ்டம்புக்கு வெளியே மண்ணைக் கிளறிக் கரடாக்கி, அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஆடினார்.

முதல் இன்னிங்ஸில் என்ன ஆனது? 4 ரன். வார்ன் பந்தில் மார்க் டெய்லர் கேட்ச். இந்தியா 71 ரன் பின்தங்கியது. அத்தனை பயிற்சியும் வீண் என்று தோன்றக்கூடிய இடம் அது. இரண்டாவது இன்னிங்ஸில் வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்தார், கரடில் போட்டார், சச்சின் சுழலுக்கு எதிராக மிட் விக்கெட் பக்கம் தூக்கி அடித்தார். ஆட்டமிழக்காமல் 155. இந்தியா 179 ரன்னில் ஜெயித்தது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று, அவர் பொதுவாகப் பேட்டிங் பயிற்சி செய்யவில்லை, தன்னை அவுட் ஆக்கப்போகிற ஒரு பந்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் ஆடினார். இன்னொன்று, அதைப் போடத் தகுந்த ஆளைத் தேடிப் பிடித்தார். பயிற்சி என்று நாங்கள் அதுவரை செய்ததெல்லாம் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஓட்டலில் வைத்துப் போட்டுக் காட்டும் ஸ்லைடுகள்தான். மதியம் பிரியாணி, வரும்போது ஒரு பை.

இதை வார்த்தையில் சொன்னவர் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர். 1993-ல் பெர்லினில் வயலின் படிக்கும் மாணவர்களை வைத்து அவரும் இன்னும் இருவரும் எழுதிய ஆய்வு பிரபலமானது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: வருடக்கணக்கில் ஒரு வேலையைச் செய்வதும் அதில் பயிற்சி எடுப்பதும் வேறு வேறு. தடுக்கி விழும் இடத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, தப்பை உடனே சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அதையே மறுபடி மறுபடி செய்வதுதான் பயிற்சி. பத்தொன்பது வருட அனுபவம் இருக்கும் மனிதருக்கு ஒரு கொட்டேஷன் கேட்டால் ஏன் கை நடுங்குகிறது என்பதற்குப் பதில் எனக்கு அங்கே கிடைத்தது.

ஆனி மாதம், முதல் முயற்சி

ஆனியில் மழை பிடித்துவிட்டது, கடையில் கூட்டம் குறைவு. காலை எட்டரைக்கு எல்லோரும் வந்துவிடுவது, ஒன்பது வரை பயிற்சி, அந்த அரை மணிக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கு என்று முதலாளியிடம் பேசி வாங்கினேன். (இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சும்மா வரச் சொல்லியிருந்தால் ஒரு வாரம்கூட நடந்திருக்காது, வரச் சொல்வதும் நியாயமில்லை.)

மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்தொம்பது வருசமாப் பண்ற யாவாரத்த நடிச்சுக் காட்டோணுமாக்கும்" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவரை நான் கட்டாயப்படுத்தவில்லை.

மற்றவர்களை வைத்து ஆரம்பித்தோம். திங்கட்கிழமை முழுக்க விலை பேரம், செவ்வாய் முழுக்க "பக்கத்துக் கடையில கம்மி" என்பவர், புதன் கொட்டேஷன், வியாழன் வாரண்டிச் சண்டை. ஒரே விதமான ஆளை வரிசையாக ஏழெட்டு முறை. பார்க்க நன்றாக இருந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் தம்பிகள் பேரத்தில் அப்படி வழுக்கிக்கொண்டு பேசினார்கள். ஆனால் பதினோரு மணிக்கு நிஜமான ஆள் வந்து, முதலில் வாரண்டி கேட்டு, நடுவில் விலைக்குத் தாவி, "எங்க மச்சான்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்றதும் பழைய ஆளாகிவிட்டார்கள். ஒரு மாதம் இப்படிப் போனது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் படித்ததுதான் 1994-ல் வந்த ஒரு பேஸ்பால் ஆய்வு. கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி அணி. பேஸ்பாலிலும் பந்து மூன்று நான்கு விதமாக வரும், வேகமானது, வளைவது, வேகம்போல் வந்து மெதுவாக இறங்குவது. வழக்கமான பயிற்சி போக வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு தடவையும் 45 பந்து. ஒரு குழுவுக்கு 15 வேகம், 15 வளைவு, 15 மெது என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45-ஐயும் கலந்து, அடுத்து எது வரும் என்றே தெரியாமல். கடைசியில் சோதித்தபோது வரிசையாக ஆடியவர்கள் ஏறக்குறைய 25 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், கலந்து ஆடியவர்கள் ஏறக்குறைய 57 சதவீதம்.

நாங்கள் திங்கள் முழுக்க வேகப்பந்து ஆடிக்கொண்டிருந்தோம், சிக்கல் அங்கேதான் இருந்தது. வரிசையாக ஆடும்போது அடுத்து என்ன வரும் என்று தெரியும், அதனால் "வந்திருப்பவர் யார், என்ன கேட்கிறார், கேட்காமல் எதை வைத்திருக்கிறார்" என்று கண்டுபிடிக்கும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. கவுண்டரில் நிற்பவனுக்கு முக்கால்வாசி வேலை அந்தக் கண்டுபிடிப்புதான். இதைச் சொன்னதும் தம்பிகளில் கபடி ஆடுகிறவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "ஆமாங்ண்ணா, ரெய்டு போறப்ப யார் கால் புடிப்பான், யார் செயின் போடுவான்னு முன்னாடியே தெரிஞ்சா எவன் வேணா பாயிண்ட் எடுப்பானே" என்றான்.

பிஸ்கட் டப்பா

ஆடியில் முறையை மாற்றினோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, அதில் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி: வருபவர் யார், வாயால் என்ன சொல்வார், மனதில் என்ன இருக்கிறது. மூன்றாவது வரிதான் உயிர், விற்பவர் சரியாகக் கேட்டால் மட்டும்தான் அது வெளியே வரும். முதல் நான்கு சீட்டு அந்த வைகாசி முகூர்த்த நாளின் நான்கு பேர். வாடிக்கையாளராக நடிப்பவர் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு வெளியே போய்ப் படியேறி வர வேண்டும். எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நான்கு நிமிடம். பார்ப்பவர்கள் ஒரே ஒரு விஷயம்தான் எழுத வேண்டும், முகம் எங்கே மாறியது என்று. பத்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது.

பந்து போடுவதற்கு எங்களுக்குச் சிவராமகிருஷ்ணன் முன்னாள் மெக்கானிக்தான். தோட்டங்களிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், ஒவ்வொரு விதமான ஆளும் எப்படி நிற்பார், எப்படித் தொண்டையைச் செருமுவார் என்பது வரை அவருக்கு வரும்.

ஒரு நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். எதிரே டிப்ளமோ தம்பி.

"ஏங்கண்ணு, பத்து எச்பி சப்மெர்சிபிள் என்ன வெலைங்?"

"வாங்ண்ணா, உக்காருங்க. எத்தன அடி போருங்ண்ணா?"

"எழுநூறு. பக்கத்துத் தோட்டத்துல பத்துதான் போட்டிருக்கறாங்க, தண்ணி பிச்சுக்கிட்டுக் கொட்டுது. அதையே குடுத்துருங்க."

தம்பி விளக்க ஆரம்பித்தான். எச்பி கூடினால் மட்டும் தண்ணீர் கூடிவிடாது, ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கிராஃபைப் பாருங்க. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மெக்கானிக் அண்ணன் கிராஃபைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்தார். "சரிங்கண்ணு, வர்றேன்." இறங்கிப் போய்விட்டார்.

சீட்டை வாங்கிப் படித்தோம். மூன்றாவது வரி: போரில் ஊறுவது ஒன்றரை இஞ்ச் தண்ணீர்தான் (எங்கள் பக்கம் ஊற்றின் அளவை இஞ்ச்சில்தான் சொல்வார்கள்), அதை வெளியே சொல்லக் கூச்சம்.

இங்கேதான் நாங்கள் முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடவில்லை. "அதையே குடுத்துருங்க" என்பதிலிருந்து அடுத்த இருபது விநாடி மட்டும். இரண்டாவது தடவை தம்பி கிராஃபை விட்டுவிட்டு, "அவுங்க போர்ல எத்தன இஞ்ச் தண்ணிங்ண்ணா?" என்றான். பரவாயில்லை, ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் நிறுத்தி, "இந்தப் பக்கம் பூராவும் இந்த வருசம் தண்ணி கீழ எறங்கிருச்சுங்ளே, உங்களுது எப்படீங்ண்ணா?" என்று கேட்டான். மெக்கானிக் அண்ணன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடிப்புதான், இருந்தாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் அது நடந்தது தெரிந்தது. அப்புறம் ஒன்றரை இஞ்ச் வெளியே வந்தது, பத்து எச்பி போட்டால் போர் ஊறும் வேகத்தைவிட வேகமாக இழுத்து மோட்டார் தண்ணியில்லாமல் ஓடும் என்று சொல்ல முடிந்தது, மின்வாரியத்தில் எத்தனை எச்பிக்கு அனுமதி இருக்கிறது என்ற கேள்வியும் வந்தது. ஏழரை எச்பியில் முடிந்தது. (இதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. பெரியவர்கள் சிலருக்கு "ஏழரை" என்ற சொல்லே ஆகாது, சனி ஞாபகம் வரும். அதற்கும் ஒரு சீட்டு எழுதினோம், இப்போது ஆள் பார்த்து "ஏழு புள்ளி அஞ்சு" என்கிறோம்.)

மூத்தவர் இதையெல்லாம் டீக் கிளாஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஆட வரச் சொல்லாமல், பந்து போட மட்டும் வாங்க என்றேன். வந்தார், மூன்று நாளில் மெக்கானிக்கைவிடக் கடுமையான வாடிக்கையாளராக ஆகிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே டப்பாவுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.

அன்று சீட்டு எடுத்தது பில் போடும் பெண். கையில் ஒரு நோட்டோடு ஏறி வந்தார், புது வீட்டுக்குப் பம்ப் வேண்டும், மூன்று மாடல் பார்க்க வேண்டும், எழுத்தில் விலை வேண்டும். மூத்தவர் சிரித்த முகமாக, பிரியமாகத்தான் கேட்டார்: "வீட்டுக்காரர் வரலீங்ளாம்மா?"

அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டார். அவ்வளவுதான். ஒன்றும் பேசவில்லை, "வர்றேங்க" என்றுகூடச் சொல்லவில்லை, திரும்பிப் படியிறங்கினார்.

சீட்டின் மூன்றாவது வரி: வீடு அவருடைய சம்பளத்தில் கட்டுவது. மூத்தவர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்படி எத்தன பேர நான் திருப்பி அனுப்பிச்சிருப்பேன்" என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி அந்த ஒன்றுதான்: வருபவரைப் பார்த்து, அவரிடமே பேசுவது, போனில் கொட்டேஷன் தட்டி ஜிஎஸ்டியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஐம்பத்து நான்கு வயதில் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த இரண்டு வாரத்தில் இன்னும் கூடியது.

ஸ்டாக் பால்

புரட்டாசிவாக்கில் வேறு ஒரு கோளாறு வந்தது. எல்லோருக்கும் எல்லா ஷாட்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிட்டதால், தம்பிகள் ஆளுக்கு ஏற்ற மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, ஆனால் அடிப்படையான கேள்வியைக் கேட்காமல் விட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் நாலரை இஞ்ச் போருக்கு ஆறரை இஞ்ச்சில் இறங்கும் பம்ப்பைப் பில் போட்டுவிட்டான் ஒருவன், பேச்சு அவ்வளவு நன்றாகப் போயிருக்கிறது. வண்டி ஏற்றும்போது மெக்கானிக் அண்ணன் பார்த்துத் தடுத்தார்.

இதற்கு எனக்குத் துணை வந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். சின்ன வயதில் தொடக்க ஆட்டக்காரராக இருந்து ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தவர். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் பார்த்த, விரலால் சொடுக்கிப் போடும் சொடுக்கு பாலைக் (கேரம் பால்) கற்றுக்கொண்டு டெஸ்ட் வரை கொண்டுபோனவர். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது 106 டெஸ்ட்டில் 537 விக்கெட், கூடவே 6 சதம். அவரைப் போலப் புதிது புதிதாகச் சோதித்துப் பார்த்த பவுலர் குறைவு. ஆனால் அவர் போட்டதில் பெரும்பகுதி சாதாரண ஆஃப் பிரேக்தான், அதுதான் அவருடைய ஸ்டாக் பால், வழக்கமாகப் போடும் பந்து. அது கச்சிதமாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் நடுவில் வரும் சொடுக்கு பால் விக்கெட் எடுக்கிறது. ஆஃப் பிரேக் சரியாக விழாத பவுலரிடம் பத்து விதப் பந்து இருந்தாலும் பேட்ஸ்மேன் காத்திருந்து அடிப்பார்.

எங்களுக்கு ஸ்டாக் பால் நான்கு கேள்வி என்று முடிவு செய்தோம். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போர் எத்தனை இஞ்ச் அகலம், தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழ வேண்டும். தொட்டியா, சொட்டு நீரா, மூன்றாவது மாடியா. விவசாயியோ இன்ஜினியரோ, அவசரத்தில் வந்தவரோ நேரம் போக்க வந்தவரோ, இந்த நான்கும் கேட்காமல் விலை சொல்லக் கூடாது. எப்படிக் கேட்பது என்பது அவரவர் கை, அதில்தான் வெரைட்டி. கவுண்டர் ஓரத்தில் ஒரு நோட்டு வைத்து, நான்கும் கேட்டோமா இல்லையா என்று மட்டும் அவரவரே கோடு போடச் சொன்னேன். வாங்கினாரா என்பதைக் குறிக்கச் சொல்லவில்லை. வாங்குவது அவர் கையில், கேட்பது நம் கையில்.

இன்னொன்றும் சேர்த்தோம், இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஐப்பசியில் ஒருவர் வந்தார். இரண்டாவது போரும் பொய்த்துப்போய், மூன்றாவது போட்டு, அதில் ஏதோ கொஞ்சம் தண்ணீர் கண்டிருக்கிறது, உடனே மோட்டார் வேண்டும் என்றார். தம்பி நன்றாகப் பேசினான், பழகிய வார்த்தைகள் எல்லாம் சரியாக வந்து விழுந்தன. எனக்கு அதைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கம்ப்ரசர் வைத்து ஒரு நாள் ஓட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்க, அப்புறம் மோட்டார் எடுக்கலாம் என்பதுதான். நான் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து டப்பாவில் ஐந்துக்கு ஒன்று விற்கக் கூடாத சீட்டு. கெப்பாசிட்டர் மட்டும் போனவர், கேபிள் ஜாயிண்ட் விட்டதால் ஓடாததை மோட்டார் எரிந்ததாக நினைத்து வந்தவர், இன்னும் போர் போடாமலே விலை கேட்பவர். இந்தச் சீட்டில் பில் போட்டால் ஆட்டம் தோல்வி. தம்பிகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கஷ்டமாக இருந்தது, இரண்டு மூன்று முறை எனக்கே தடுமாறியது.

தை

விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கை இதோடு முடிச்சுப் போட எனக்கு மனமில்லை, ஏனென்றால் எங்கள் தொழிலில் ஒரு நல்ல மழை பெய்தால் விற்பனை படுத்துவிடும், மாசி பங்குனியில் வெயில் ஏறினால் யார் நின்றாலும் விற்கும். ஆறு மாதத்தில் மழையும் மாறுகிறது, தேங்காய் விலையும் மாறுகிறது. என்னால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிவது இரண்டு காலைப் பொழுதுகளைத்தான்.

தையில் ஒரு முகூர்த்த நாள், மூத்தவர் மறுபடியும் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதியம் ஒரு மணிக்குள் ஆறு பேர் வந்தார்கள். மூன்று பேர் வாங்கினார்கள், அதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர், விற்றது கபடித் தம்பி. ஒருவருக்குக் கெப்பாசிட்டர் மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பினோம். ஒரு அபார்ட்மெண்ட் செயலாளர் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போனார், மெக்கானிக் அண்ணன்தான் அனுப்பினார், கூட வந்த மெக்கானிக் கண்ணைக் காட்டியும் விலை இறங்கவில்லை. நோட்டில் ஐந்து பேருக்கு நான்கு கேள்வியும் கோடு விழுந்திருந்தது.

ஆறாவது ஆள் போய்விட்டார். நடுத்தர வயது, அமைதியாகப் பேசினார். பழைய கரண்ட் மோட்டாரை எடுத்துவிட்டுச் சோலார் பம்ப் போட்டால் மானியம் எவ்வளவு வரும், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், இருக்கிற இலவச மின் இணைப்பு என்ன ஆகும் என்று கேட்டார். மூன்று கேள்விக்கும் எங்களில் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. தம்பி ஏதோ சொல்லிச் சமாளிக்கவில்லை, "எனக்குத் தெரியலீங்ண்ணா, விசாரிச்சு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கூப்பிட்டுச் சொல்றேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டான்.

மாலையில் மூத்தவர் கல்யாணப் பட்டு வேட்டியோடே கடைக்கு வந்து நோட்டைப் புரட்டினார். ஆறாவது வரியைப் பார்த்துவிட்டு, யார் எந்த ஊர், எப்படிக் கேட்டார், உட்கார்ந்தாரா நின்றுகொண்டே கேட்டாரா என்று தம்பியிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு டேபிளில் கிடந்த பில் தாளைக் கிழித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று வரி எழுதி, மடித்து டப்பாவில் போட்டார். "வேளாண்மைப் பொறியியல் ஆபீசுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு நான் போறேன்" என்றார். "எட்டரைக்கு இந்தச் சீட்ட நீ எடுக்காத, நான் போடறேன், நீ ஆடு."